கொழுக்குமலைக் குளிருக்கு எந்த ஸ்லீப்பிங் பேக்?

கேள்வி: போடிநாயக்கனூரிலிருந்து எழுதுகிறேன். சென்ற ஜனவரியில் நானும் கணவரும் சூரியநெல்லிக்கு மேலே கொழுக்குமலையில் ஒரு கூடாரத்தில் இரவு தங்கினோம். இருவருக்கும் ஒரே வகை ஸ்லீப்பிங் பேக். இரண்டிலும் ‘மைனஸ் 5 டிகிரி’ என்று போட்டிருந்தது. அவர் நன்றாகத் தூங்கிவிட்டார். நான் விடியும்வரை நடுங்கிக்கொண்டே கிடந்தேன். வரும் ஜனவரியில் பத்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு போக ஆசை. கதகதப்பாகவும் இருக்க வேண்டும், தோளில் சுமந்து மலையேறவும் முடிய வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: உங்கள் உடம்பில் குறை எதுவும் இல்லை, சகோதரி. அந்தப் பையில் அச்சடித்திருந்த எண் உங்களுக்கானதே அல்ல.

ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு குளிர் தாங்கும் என்று அளக்க 2002-இல் ஐரோப்பாவில் ஒரு தரநிலை வந்தது. இன்று அது ஐஎஸ்ஓ 23537 என்ற பன்னாட்டுத் தரநிலையாக இருக்கிறது. சூடேற்றிய மனித உருவப் பொம்மையைப் பைக்குள் கிடத்தி அளப்பார்கள். அதில் கிடைக்கும் எண்களில் மூன்றை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ‘கம்ஃபர்ட்’ என்பது சராசரிப் பெண் ஒருவர் கைகால் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கக்கூடிய வெப்பநிலை. ‘லிமிட்’ என்பது சராசரி ஆண் உடலைக் குறுக்கிக்கொண்டு இரவைச் சமாளிக்கக்கூடிய எல்லை. ‘எக்ஸ்ட்ரீம்’ தூக்கத்துக்கான எண்ணே அல்ல. ஆறு மணி நேரம் உயிர் தாக்குப்பிடிக்குமா என்பதைத்தான் அது சொல்கிறது. பை மீது பெரிதாக அச்சடிப்பது பெரும்பாலும் லிமிட்; மலிவான சில பைகளில் எக்ஸ்ட்ரீம். உங்கள் மைனஸ் 5 எக்ஸ்ட்ரீமாக இருந்திருந்தால், ஒரு பெண் அதில் நிம்மதியாகத் தூங்க வெளியே பத்து டிகிரியாவது இருந்திருக்க வேண்டும். ஆகவே கடைக்காரரிடம் கம்ஃபர்ட் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். அந்த எண்ணே இல்லாத பையை வாங்காதீர்கள்.

எந்த எண் உங்களுக்குப் போதும்? ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். போடிக்கும் கொழுக்குமலைக்கும் 1,700 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். போடியில் இரவு 18 டிகிரி என்றால் மேலே ஏழு. ஆனால் மேகமில்லாத ஜனவரி இரவில் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட, குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் இறங்கித் தேங்கும். நான் வளர்ந்தது மூணாறில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில். உறைபனி விழுந்த காலையில் முதலில் கருகுவது பள்ளத்துத் தேயிலைதான். சரிவில் நிற்கும் செடி பச்சையாகவே இருக்கும். ஓடைக்கரைப் புல்வெளி பார்க்க அழகாக இருக்கிறதே என்று அங்கே கூடாரம் அடித்து நானும் ஒருமுறை இரவெல்லாம் விறைத்துப் போனேன். கொஞ்சம் மேலே, காற்று மறைவான சரிவில் இடம் தேடுங்கள். மூணாறை அடுத்த செண்டுவரைப் பக்கம் சில ஆண்டுகளில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போயிருக்கிறது. ஆகவே உங்களுக்குக் கம்ஃபர்ட் பூஜ்யம் உள்ள பை. கணவருக்குக் கம்ஃபர்ட் ஐந்து போதும்.

அடுத்தது உள்ளே அடைத்திருக்கும் பொருள். பை தானாகச் சூடு தருவதில்லை. உங்கள் உடம்புச் சூட்டை அசையாத காற்றில் பிடித்து வைத்துக்கொள்கிறது. குறைந்த எடையில் அதிகக் காற்றைப் பிடிப்பது வாத்தின் மார்புத் தூவி, அதாவது ‘டவுன்’ என்று விற்கும் மென்மையான இறகு. ‘ஃபில் பவர்’ என்று 550, 650, 800 என்றெல்லாம் போட்டிருப்பது ஓர் அவுன்ஸ் தூவி எத்தனை கன அங்குலம் உப்புகிறது என்பதற்கான கணக்கு. பூஜ்யம் தாங்கும் தூவிப் பை ஒரு கிலோ அளவில் கிடைக்கும். அதே கதகதப்புக்குப் பாலியஸ்டர் பஞ்சுப் பை ஏறக்குறைய இரண்டு கிலோ. ஆனால் தூவி நனைந்தால் கதை முடிந்தது. ஈரக் கோழிபோல் ஒட்டிக்கொண்டு சூடு பிடிக்காது, காய ஒரு நாள் போதாது. பாலியஸ்டர் நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். வடகிழக்குப் பருவமழை ஓயாத நவம்பர், டிசம்பரில் நம் மலைக்கு நான் தூவியைச் சொல்லமாட்டேன். நீங்கள் ஜனவரியில் போகிறீர்கள், சுமை முக்கியம் என்கிறீர்கள். 650 தூவியை வாங்குங்கள். மழை இல்லாவிட்டாலும் மூச்சின் ஈரம் கூடாரத் துணியில் துளித்து நிற்கும். பையின் கால்மாட்டுப் பக்கம் அதில் உரசினால் விடிவதற்குள் ஊறிவிடும். கூடாரத்தின் காற்றுவழியை அடைக்காதீர்கள்.

கடையில் பையை உறையிலிருந்து எடுத்து விரித்துப் பத்து நிமிடம் விடச் சொல்லுங்கள். நல்ல தூவி மெல்ல எழும்பி உப்பும். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் குழி தானே நிரம்ப வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் திட்டுத்திட்டாக வெறும் துணி தெரியக்கூடாது. ஜிப்பின் உட்புறம் நெடுகப் பஞ்சுப் பட்டை, கழுத்தைச் சுற்றி இழுத்துக் கட்டும் பட்டை, தலைக்கு முக்காடு ஆகிய மூன்றும் இருக்கட்டும். கால்பக்கம் குறுகிய மம்மி வடிவமே நல்லது.

இத்தனை செய்தும் குளிர்கிறது என்பவர்கள் பாயை மறந்தவர்கள். உங்கள் எடையில் முதுகுக்குக் கீழே உள்ள பஞ்சு நசுங்கிக் காற்றை இழந்துவிடும். அந்த இடத்தில் பை இருந்தும் இல்லாததுபோல்தான். தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பாயின் தடுப்புத் திறனுக்கு ‘ஆர்’ மதிப்பு என்று பெயர். சாதாரண ஃபோம் பாய் இரண்டு அளவில் இருக்கும். இரண்டு பாயை அடுக்கினால் மதிப்பும் கூடும். நம் மலைக்கு நான்கு தாராளம். பணம் இழுத்துப் பிடித்தால் பையில் கொஞ்சம் குறையுங்கள், பாயில் குறைக்காதீர்கள்.

மகளுக்கு இந்த எண்கள் பொருந்தா; அவை பெரியவர்களுக்கு அளந்தவை. உங்களைவிட ஐந்து டிகிரியாவது கூடுதலாகத் தாங்கும் பாலியஸ்டர் பை வாங்குங்கள். பெரியவர் பையானால் அவள் பாதத்துக்குக் கீழே மிஞ்சும் பகுதியைச் சுருட்டிக் கயிற்றால் கட்டிவிடுங்கள். வெற்றிடத்தைச் சூடாக்க அந்தச் சின்ன உடம்பால் முடியாது. படுக்கும் முன் வயிறாரச் சாப்பாடு, நடந்த வேர்வைத் துணியை மாற்றிக் காய்ந்த உடை, காய்ந்த சாக்ஸ். கசியாத பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள்.

கூடாரத்துக்குள் கரி அடுப்போ கணப்போ வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். வெளியே புல்வெளியிலும் தீ மூட்டாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 20-க்கும் மேற்பட்ட மலையேறிகளைப் பறிகொடுத்த ஊர் நம்முடையது.

திரும்பி வந்ததும் பையை மொட்டை மாடி நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். பழைய பருத்திச் சேலையில் தைத்த பெரிய உறைக்குள் தளர்வாகப் போட்டு வையுங்கள். சுருட்டி இறுக்கும் சின்ன உறை பயணத்துக்கு மட்டும். மாதக்கணக்கில் அதில் நசுங்கிக் கிடந்தால் தூவி மறுபடி உப்பாது.