இன்டோரில் 5000 மீட்டர்: அந்த 11 விநாடி எங்கே இருக்கிறது?

கேள்வி: பாஸ்டனில் முதுகலை படிக்கிறேன். வெளி மைதானத்தில் 5000 மீட்டரில் என் சிறந்த டைமிங் 14:31. நான் குறிவைத்திருக்கும் சாம்பியன்ஷிப்பில் சேர 14:20 வேண்டும். இன்டோர் டிராக்கில் காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, சுலபமாக வந்துவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். டிசம்பரில் ஓடினேன், 14:38தான் வந்தது. இடிபட வேண்டாமென்று கூட்டத்துக்கு வெளிப்பக்கமாகவே ஓடினேன். பிப்ரவரியில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. என்ன மாற்ற வேண்டும்?

பதில்: உங்கள் கடிதத்தின் நடுவிலேயே பதில் இருக்கிறது. "வெளிப்பக்கமாகவே ஓடினேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான்.

இன்டோர் டிராக் ஒரு சுற்று 200 மீட்டர். 5000 மீட்டருக்கு 25 சுற்று, 50 வளைவு. வட்டத்தில் அரை மீட்டர் வெளியே தள்ளி ஓடினால் ஒவ்வொரு சுற்றுக்கும் 3 மீட்டருக்குச் சற்று அதிகமாக ஓட வேண்டிவரும். 25 சுற்றில் அது 78 மீட்டர். உங்கள் வேகத்தில் 13 விநாடிக்கு மேல்! ஒருவரின் தோளுக்குப் பக்கத்தில் ஓடுகிறவர் அரை மீட்டருக்குக் குறையாமல் வெளியேதான் இருப்பார். அப்படியானால் டிசம்பரில் நீங்கள் 14:25 ஓடக்கூடிய உடம்போடுதான் ஓடியிருக்கிறீர்கள். உடற்தகுதியில் பெரிய குறை இல்லை. தூரத்தை வீணாக்கியிருக்கிறீர்கள்.

இடிபடும் பயம் எனக்குப் புரிகிறது. நான் பயிற்சி கொடுத்த ஒரு பெண் 3000 மீட்டரில் இதே தவறைச் செய்தாள். வளைவின் ஓரத்தில் ஸ்டாப்வாட்ச்சோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் ஓடியவளை வளைவுக்குள் முந்தப் பார்ப்பாள், தோளோடு தோள் வருவாள், வளைவு முடியும்போது மறுபடி பின்தங்குவாள். அடுத்த வளைவிலும் அதேதான். ஐந்து சுற்றில் ஒருத்தியைக்கூட முந்தவில்லை, கால் மட்டும் தளர்ந்துவிட்டது. இன்டோரில் நேர்ப்பாதை 50 மீட்டர்கூட இருக்காது. முந்துவதென்றால் வளைவை விட்டு வெளியேறும்போதே, உயர்த்திக் கட்டிய வளைவின் சரிவில் இறங்கும் வேகத்தைப் பிடித்து, அடுத்த வளைவுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். முடியாது என்று தோன்றினால் உடனே உள்ளே திரும்பி ஒருவர் முதுகுக்குப் பின்னால் நில்லுங்கள். முதல் 3000 மீட்டருக்கு நாலு பக்கமும் ஆள் அடைத்துக்கொண்டிருந்தாலும் பாதகமில்லை. கூட்டம் தானாகவே நீண்டு ஒற்றை வரிசையாகிவிடும்.

நண்பர்கள் சொன்னதும் பொய்யில்லை. நீங்கள் இருக்கும் ஊரிலேயே பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டிராக் உலகின் வேகமான இன்டோர் டிராக்குகளில் ஒன்று. 2025 பிப்ரவரியில் அமெரிக்க ஓட்டக்காரர் கிராண்ட் ஃபிஷர் அங்கே 5000 மீட்டரை 12:44.09-ல் ஓடி இன்டோர் உலக சாதனை படைத்தார். அடுத்த வாரமே நம் இந்திய ஓட்டக்காரர் குல்வீர் சிங் அதே டிராக்கில் 12:59.77 ஓடினார். டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்புக்கான தகுதி நேரம் 13:01.00. அதை அவர் எட்டிப் பிடித்தது ஒரு குளிர்கால மாலையில், கூரைக்குக் கீழே. அந்தச் செய்தியைப் படித்தபோது என் கண் கலங்கிவிட்டது.

வேகத்துக்குக் காரணம் காற்று இல்லாதது மட்டுமல்ல, வளைவின் சரிவும்தான். வெளி மைதானத்தில் வளைவின் ஆரம் 36.5 மீட்டர், இன்டோரில் ஏறக்குறைய 17. அதனால் ஒரே வேகத்தில் ஓடினாலும் வளைவு உங்களை வெளியே தள்ளும் விசை இரண்டு மடங்குக்கு மேல். உடம்பு 11 டிகிரி அளவுக்கு உள்பக்கம் சாய்ந்தாக வேண்டும். நல்ல டிராக்கில் வளைவுகள் சரிவாக உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும், பாதம் மடங்காமல் நேராகப் பதியும். தட்டையான டிராக்கில் இந்த வசதி கிடையாது, கணுக்காலே எல்லாவற்றையும் தாங்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளில் தட்டை டிராக் நேரங்களைக் கணக்குப் போட்டு மாற்றித் தருவதும் இதனால்தான். உங்கள் சாம்பியன்ஷிப் இன்டோர் நேரத்தை ஏற்கிறதா, எந்தத் தேதிக்குள் ஓடியிருக்க வேண்டும் என்பதை விதிமுறையில் இப்போதே பார்த்துவிடுங்கள்.

14:20 என்றால் சுற்றுக்கு 34.4 விநாடி, கிலோமீட்டருக்கு 2:52. உங்கள் 14:31-க்கும் அதற்கும் சுற்றுக்கு அரை விநாடிகூட வித்தியாசம் இல்லை. முதல் சுற்றை 32-ல் ஓடும் ஆசை எல்லோருக்கும் வரும், வேண்டாம். 25 சுற்றையும் மனதில் எண்ணாதீர்கள். ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு ஐந்தின் முடிவிலும் கடிகாரத்தைப் பாருங்கள்: 2:52, 5:44, 8:36, 11:28. மூன்றாவது ஐந்துக்கும் நான்காவது ஐந்துக்கும் இடையில்தான் பலர் தம்மை அறியாமல் 35-க்கு நழுவுகிறார்கள். அங்கே ஒரு நண்பரை நிறுத்தி ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் கத்தச் சொல்லுங்கள்.

எந்த ஹீட்டில், அதாவது எந்தப் பிரிவு ஓட்டத்தில், ஓடுகிறீர்கள் என்பதும் பாதி வெற்றி. முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுக்கும் பேஸரிடம் சுற்றுக்கு 34.4 கேட்டிருக்கும் ஹீட்டில் இடம் தர முடியுமா என்று போட்டி நடத்துபவர்களுக்கு முன்கூட்டியே எழுதுங்கள். 13:55-க்கு ஓடுகிறவர்களின் ஹீட்டில் வாலாகத் தொங்குவது உங்களுக்கு வேண்டாம்.

ஷூவின் அடிப்பாகம் 20 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. 2024 நவம்பரிலிருந்து எல்லா டிராக் ஓட்டங்களுக்கும் இதுதான் விதி. ரோட்டில் ஓடும் தடித்த ஷூவோடு போய்விடாதீர்கள். ஸ்பைக்ஸ் ஊசி 6 மில்லிமீட்டருக்கு மேல் பல அரங்குகளில் விடமாட்டார்கள்.

ஓட்டம் முடிந்ததும் நெஞ்சைச் சுரண்டுகிற மாதிரி இருமல் வரும். குளிர்காலக் காற்றைச் சூடாக்கினால் வறண்டுபோகும், அதை 14 நிமிடம் வாயால் இழுத்ததன் விளைவு அது. பெரும்பாலும் மறுநாள் போய்விடும். மூச்சில் விசில் சத்தம் கேட்டால் டாக்டரைப் பாருங்கள், இன்ஹேலர் எழுதினால் போட்டியாளர் என்று சொல்லிவிடுங்கள். ஊக்கமருந்து விதிப்படி, இன்ஹேலர் மருந்துகளில் சால்பியூட்டமால் குறிப்பிட்ட அளவுவரை அனுமதிக்கப்பட்டது, டெர்பியூட்டலின் முன் அனுமதி இல்லாமல் கூடாது.

அதுவரை வாரம் ஒருநாள் இன்டோரில் 34.4 வேகத்தில் 1000 மீட்டர் ஐந்து முறை ஓடுங்கள், ஒருவர் முதுகுக்குப் பின்னால், உள்கோட்டை ஒட்டி. பயிற்சி முடிந்து மெதுவாக ஓடும் வார்ம் டவுனை எதிர்த் திசையில் ஓடினால் இடது கெண்டைக்கால் உங்களை வாழ்த்தும். பிப்ரவரி ஓட்டம் முடிந்ததும் 25 சுற்றின் நேரங்களையும் எனக்கு அனுப்புங்கள், காத்திருப்பேன்.