அக்காமடேஷன்: எம் ஒன்றா, இரண்டா?

கானாடுகாத்தானில் பூர்வீக வீட்டை விருந்தினர் தங்குமிடமாக மாற்றும் நீங்கள், முகப்புப் பலகையில் ‘அக்காமடேஷன்’ என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான எழுத்து வரிசை: ஏ, சி, சி, ஓ, எம், எம், ஓ, டி, ஏ, டி, ஐ, ஓ, என் (accommodation). காரைக்குடிப் பக்கம் நான் பார்த்த பலகைகளில் சி இரண்டும் இருக்கும். எம் மட்டும் ஒன்றாகிவிடும். உச்சரிப்பில் அந்த இரட்டிப்பு கேட்பதில்லை என்பதே காரணம்.

சொல்லின் பிறப்பை அறிந்தால் குழப்பம் தீரும். லத்தீனில் ‘அட்’ (ad), ‘கொம்’ (com), ‘மோடுஸ்’ (modus, அளவு) ஆகிய மூன்றும் சேர்ந்த சொல்லிலிருந்து இது வந்தது. பொன்னும் குடமும் புணரும்போது னகரம் றகரமாகிப் பொற்குடம் ஆவதைப் போல, ‘அட்’ என்பதன் டி, அடுத்து வரும் சி-க்கு இணங்கித் தானும் சி ஆயிற்று. ‘கொம்’ முடிவில் ஓர் எம், ‘மோடுஸ்’ தொடக்கத்தில் ஓர் எம். எனவே இரண்டில் எதையும் விட முடியாது.

பொருத்தமாக அமைத்துக்கொடுத்தல் என்பதே அடிப்படைப் பொருள். அதிலிருந்து தங்குமிடம், கருத்து வேறுபாட்டில் எட்டும் இணக்கம், அருகிலும் தொலைவிலும் உள்ளவற்றைத் தெளிவாகக் காணக் கண்வில்லை தன் வளைவை மாற்றிக்கொள்ளுதல் ஆகிய பொருள்கள் கிளைத்தன. தங்குமிடம் என்ற பொருளில் பிரிட்டிஷ் வழக்கு ஒருமையிலேயே எழுதும். அமெரிக்கர் இறுதியில் எஸ் சேர்ப்பார்கள். நம் ஊர்ப் பலகைக்கு ஒருமையே பொருந்தும். வண்ணம் தீட்டுபவரிடம் வாயால் சொல்லாமல், தாளில் பெரிய எழுத்துகளில் எழுதியே கொடுங்கள்.