என் நிலத்தில் எதைக் கட்டலாம்? நில உபயோக விதிகள் பற்றிய கேள்வி பதில்

ஆவடி வாசகர்: பட்டாவும் பத்திரமும் என் பெயரில் உள்ளன, வில்லங்கமும் இல்லை. இங்கே இன்னதுதான் கட்டலாம் என்று சொல்லும் அதிகாரம் அரசுக்கு எங்கிருந்து வந்தது?

பதில்: சட்டமன்றம் இயற்றிய தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இலிருந்து வந்தது. சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 300-ஏ பிரிவு கூறுவதால், உங்கள் நிலத்தின் மீதான ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் பின்னால் ஒரு சட்டம் இருந்தாக வேண்டும். ஒரு பகுதிக்கு வளர்ச்சித் திட்டம் நடைமுறைக்கு வந்தபின் அங்குள்ள நிலத்தை அதற்கு இணங்கவே பயன்படுத்த வேண்டும் என்று 47-ஆம் பிரிவு விதிக்கிறது. கட்டடம் கட்டுவதற்கான திட்ட அனுமதிக்கு 49-ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பிக்க வேண்டும். அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லப்படும் ‘முடியாது’ என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். மறுப்பை எழுத்துப்பூர்வமாகப் பெற்றால்தான் 79-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்ய இயலும்.

தாம்பரம் வாசகர்: பட்டாவில் ‘புஞ்சை’ என்று இருக்கிறது. விற்றவரோ குடியிருப்புப் பகுதி என்கிறார். எது செல்லும்?

பதில்: இரண்டும் உண்மையாக இருக்கலாம். புஞ்சை என்பது வருவாய்த் துறையின் வகைப்பாடு. திட்ட அனுமதிக்கு முதலில் பார்க்கப்படுவது முழுமைத் திட்டத்தில் (எந்தப் பகுதி எதற்கு என்று வகுக்கும் வளர்ச்சித் திட்டத்தில்) அந்தச் சர்வே எண்ணுக்கு என்ன உபயோகம் குறிக்கப்பட்டுள்ளது என்பதே. முன்பணம் கொடுக்குமுன் கிராமத்தின் பெயரையும் உட்பிரிவோடு கூடிய சர்வே எண்ணையும் கொண்டு சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் சரிபாருங்கள்.

திருவான்மியூர் வாசகர்: வாங்குபவரும் விற்பவரும் ஒப்புக்கொண்டபின் ஊரை ஏன் பகுதி பகுதியாகப் பிரிக்க வேண்டும்?

பதில்: அந்த இருவருக்கும் வெளியே இருப்பவர்கள் இழப்பைச் சுமப்பதால்தான். உங்கள் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தெற்கே நீளும் கடலோர மணற்பரப்பில் மழைநீர் விரைவாக இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. மண்ணை மூடிக் கட்டடங்களை நெருக்கி, ஆழ்துளைக் கிணறுகளில் அளவின்றி இறைத்தால், கடல்நீர் உள்ளே ஏறி, எதுவும் கட்டாத அண்டை வீட்டாரின் கிணறும் உவர்ப்பாகிவிடும். 2008-இல் அரசு ஒப்புதல் அளித்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் நிலத்தடி நீர் ஊறும் இப்பகுதிக்கும், செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் தனிக் கட்டுப்பாடுகளை வைத்திருப்பது இதற்காகவே. அபாயகரமான தொழில்களுக்கெனத் தனிப் பகுதி வகுப்பதன் நோக்கமும் வீடுகளை அவற்றிலிருந்து விலக்கி வைப்பதுதான். ஆனால் மணலியில் ஆலைகளுக்கு அருகிலேயே மக்கள் குடியிருக்கிறார்கள். அவர்களுக்கு வரைபடம் மட்டும் பாதுகாப்பாகாது என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்பத்தூர் வாசகர்: குடியிருப்புத் தெருவில் அனுமதியின்றி ஒரு பட்டறை இயங்குகிறது. விதிமீறலுக்குப் பிற்பாடு அரசின் ஒப்புதல் பெற்று வரன்முறைப்படுத்திக்கொள்வார்கள் என்கிறார்களே?

பதில்: முதன்மையாக வீடுகளுக்கென வகுத்த ஆதாரக் குடியிருப்புப் பகுதியிலும் சிறு கடைகள் போன்ற சில உபயோகங்களுக்கு இடமுண்டு, பட்டறை அதற்குள் அடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். அடங்காவிட்டால், விதிமீறலை அகற்றவும் நிறுத்தவும் அதிகாரம் தரும் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளைக் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். வரன்முறையை உரிமையாகக் கருத முடியாது. 28.2.1999-க்கு முன் கட்டியவற்றுக்கென வந்த 113-ஏ பிரிவை, ஒரே ஒரு முறைக்கான நடவடிக்கை என்ற அளவில்தான் உச்ச நீதிமன்றம் 2000-இல் ஏற்றது. விதியை மதித்துப் பக்கவாட்டில் இடம் விட்டுக் கட்டியவருக்கு ஒவ்வொரு வரன்முறையும் அநீதி என்பதே என் உறுதியான கருத்து.

மதுரை வாசகர்: எங்கள் மனையைப் பூங்காவுக்கென ஒதுக்கிப் பல ஆண்டுகளாகியும் கையகப்படுத்தவில்லை.

பதில்: அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவைப் பாருங்கள். திட்ட அறிவிக்கை வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்துவதற்கான அறிவிப்போ உடன்பாடோ இல்லையெனில் ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும். அறிவிக்கையின் தேதியோடு விண்ணப்பியுங்கள். மனைப்பிரிவு அனுமதியின்போதே உரிமையாளர் பூங்காவுக்காக விட்ட இடத்துக்கு இது பொருந்தாது.

திருவள்ளூர் வாசகர்: அருகிலுள்ள வயல் குடியிருப்பாக மாற்றப்படவிருப்பதாக நாளிதழில் அறிவிக்கை வந்துள்ளது. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: அறிவிக்கையிலுள்ள கெடு முடியுமுன் ஆட்சேபணையை எழுதுங்கள். ‘விவசாயம் அழிகிறது’ என்று பொதுவாக எழுதுவதைவிட, எந்தச் சர்வே எண் வழியாக வாய்க்கால் ஓடுகிறது, மழைக்காலத்தில் நீர் எங்கே வடிகிறது, அணுகுசாலை எத்தனை அடி என்று குறிப்பிட்டு, புல வரைபடத்தையும் மழைக்காலப் புகைப்படங்களையும் இணையுங்கள். பதிவு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பின்னர் நீதிமன்றம் செல்ல நேர்ந்தால், ஆட்சேபணை பரிசீலிக்கப்பட்டதா என்று கேட்பதற்கு அதுவே ஆதாரம்.