பயிர் வட்டங்களைக் கயிறும் பலகையும் வைத்து மனிதர்களே செய்துவிட முடியுமா?

முடியும். நானே ஒருமுறை செய்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர் கல்லூரிப் பிள்ளையாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நள்ளிரவில் ஏதோ ஒரு காணொளியைப் பார்த்திருப்பீர்கள், விடுதி நண்பர்களோடு வாக்குவாதம் ஆகியிருக்கும். "இங்கிலாந்துக் கோதுமை வயல்களில் பயிர் சாய்ந்து ஒரே இரவில் தோன்றும் அந்த உருவங்களை யாரோ இரண்டு கிழவர்கள் செய்தார்கள் என்றால் நம்பும்படியாகவா இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் "யாரோ இரண்டு கிழவர்கள்" என்ற இடத்தில் எனக்குச் சுருக்கென்றது. நான் சொல்லச் சொல்ல என் மகள் தட்டச்சு செய்கிறாள். எழுத்தின் ஒழுங்கு அவளுடையது, சொல்வது முழுக்க நான்.

என் தொழில் மைதானத்தில் கோடு போடுவது. சென்னை வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கால்பந்து ஆடுவது ஊருக்கே தெரியும். அவர்கள் ஆடுவதற்கு முன்னால் விடியற்காலையில் ஒருவன் சுண்ணாம்புத் தூளோடு குனிந்தபடி நடந்திருப்பான் என்பது அவ்வளவாகத் தெரியாது. என் அப்பா பி அண்டு சி துணி மில்லில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானக் கோடு. 1996இல் மில்லை மூடியபோது அவர் கையில் மிஞ்சியது இந்த வேலைதான். அவரிடமிருந்து எனக்கு வந்தது.

நடுவட்டத்துக்கு ஒரு முளை, ஒரு கயிறு போதும். ஆரம் 9.15 மீட்டர். மூலைகள் சரியான செங்கோணத்தில் வர வேண்டும் என்றால் கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து என்று அளவெடுத்து முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுப்போம். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட அப்பா பித்தாகரஸ் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. அவர் போட்ட மூலையில் எந்த நடுவரும் குறை சொன்னதும் இல்லை. முக்கியமான ஒன்று, நைலான் கயிற்றை நம்பக் கூடாது. பனியில் நனைந்தால் நீளும், தொடங்கிய இடத்துக்குத் திரும்பி வரும்போது வட்டம் சேராது. அப்பா பழைய மின்சார ஒயரைத்தான் வைத்திருந்தார். நானும் அதையே வைத்திருக்கிறேன்.

2011 ஜனவரிக் கடைசியில் இந்தோனேசியாவில், யோக்யகர்த்தா பக்கம் ஸ்லேமான் என்ற ஊரில், நெல்வயலில் ஒரு பெரிய வட்டம் தோன்றியது. அந்த நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனமே அது மனிதர்கள் செய்த வேலை என்று சொன்னது. நம் ஊர்த் தொலைக்காட்சிகளில் மட்டும் பறக்கும் தட்டு இறங்கியதாகவே இரண்டு மூன்று நாட்கள் ஓடியது. அந்த வாரம் எங்கள் மைதானத்தில் ஒரு போட்டி. போட்டிக் குழுவில் பொறுப்பில் இருந்த ஒரு பெரியவர், நன்றாகப் படித்தவர், நடுவட்டத்துக்குள் நின்றுகொண்டு நாலு பேரிடம் அந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "இவ்வளவு துல்லியமான வட்டம் கயிறு கட்டிச் சுற்றினால் வருமா? வாய்ப்பே இல்லை" என்றார். அவர் காலடியில் இருந்த வட்டத்தை அன்று காலை ஐந்து மணிக்கு ஒயர் கட்டிச் சுற்றிப் போட்டவன் நான். பத்தடி தள்ளி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மாதவரத்துக்கும் மணலிக்கும் நடுவில் என் மச்சான் ஒரு காலி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மாடுகளுக்காக எருமைப்புல் வளர்த்துவந்தார். மழைக்காலம் முடிந்து மார்பளவுக்கு நின்றது. பயிரை நாசம் செய்தவன் நீதி பேசுகிறான் என்று பின்னூட்டத்தில் யாராவது வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். நிலம் மச்சான் குத்தகைக்கு எடுத்தது, புல் மாட்டுக்கு உரியது, அடுத்த வாரம் அறுக்கவிருந்த புல், படுத்திருந்தாலும் மாடு தின்னும். அவரிடம் கேட்டுத்தான் செய்தேன். அவரும் அவர் மகனும் என்னோடு வந்தார்கள். ஊரை ஏமாற்றும் எண்ணம் எங்கள் மூவருக்கும் இல்லை. மறுநாளே நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட வேண்டும் என்பது முதலிலேயே பேசிக்கொண்டது.

தரையில் அடிக்கும் முளை அங்கே உதவாது, ஒயர் புல்லில் சிக்கும். அதனால் ஆளுயர மூங்கில் கழியை நட்டு, அதன் தலையில் ஒயரின் கண்ணியை மாட்டினோம். மறுமுனையை நான் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு, தளராமல் இழுத்தபடி நடந்தேன். நான் நடந்த தடமே வட்டத்தின் விளிம்பு. பிறகு கழியைப் பிடுங்கி விளிம்பில் ஓர் இடத்தில் நட்டு, அதே ஒயரால் உள்ளே ஒரு வளைவு. அந்த வளைவு விளிம்பைத் தொடும் இடத்தில் அடுத்த முறை கழி. இப்படி ஆறு முறை நட்டால் ஆறு இதழ்ப் பூ தானாக விழும். வட்டத்தை எந்த அளவுக் கயிற்றால் போட்டோமோ அதே கயிறு விளிம்பைச் சரியாக ஆறாகப் பிரித்துவிடும், எந்தக் கணக்கும் போட வேண்டாம். ஆறாவது வளைவு முடிந்தபோது நான்கு விரற்கடை இடைவெளி விழுந்தது. இருட்டில் அது பெரிய பிழை இல்லை என்றார் மச்சான். எனக்கு இன்றைக்கும் அது உறுத்துகிறது.

புல்லைச் சாய்த்தது சாரப் பலகையால். நாலடிப் பலகையின் இரண்டு முனையிலும் கயிறு கட்டி, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பலகையைக் காலால் அழுத்தி அழுத்தி முன்னே நகர வேண்டும். புல் உடையாமல் ஒரே பக்கமாகப் படுக்கும். இதழ்களை நிற்கவிட்டு மற்றதையெல்லாம் சாய்த்தோம். பத்தரைக்குத் தொடங்கினோம், ஒன்றேகாலுக்கு முடிந்தது. புல் அறுக்கிறவர்கள் போகும் ஒற்றையடிப் பாதையிலேயே உள்ளே போய் அதிலேயே வெளியே வந்தோம். இங்கிலாந்து வயல்களிலும் டிராக்டர் சக்கரத் தடங்கள் வரிசையாக ஓடும். "காலடித் தடமே இல்லையே" என்று வியப்பவர்கள் அந்தத் தடங்களைக் கவனிப்பதே இல்லை.

காலையில் எதிரே இருந்த நான்கு மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியிலிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள். எட்டு மணிக்குள் அறுபது எழுபது பேர். ஒருவர் சூறைக்காற்று என்றார், ஒருவர் ஹெலிகாப்டர் என்றார். ஒருவர் கற்பூரம் ஏற்றிவிட்டார். நான் போய், நாங்கள் மூன்று பேரும் இரவில் செய்தது இது என்று சொன்னேன். ஒயரையும் பலகையையும் காட்டினேன். சிரித்தார்கள். "உனக்கு ஏனப்பா இந்த விளம்பரம்?" என்று ஒருவர் கேட்டார். போட்டிக் குழுப் பெரியவரும் செய்தி கேட்டு வந்திருந்தார். அவர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் சொல்கிறேன். "நீங்கள் மிதித்திருப்பீர்கள், அதை நான் மறுக்கவில்லை. வரைபடம் யார் போட்டுக் கொடுத்தார்கள்?"

நம்பியது ஒரே ஒருவர். ஆடு மேய்க்கும் ஓர் ஆயா, எழுபது வயது இருக்கும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆறு இதழ்க் கோலம்தானே தம்பி, கயிறு கட்டியா போட்டாய்? ஒரு இதழ் கொஞ்சம் ஒடுங்கியிருக்கிறதே" என்றார். அந்த நான்கு விரற்கடையை அவர் கண் பிடித்துவிட்டது.

டக் போவர், டேவ் சோர்லி என்ற அந்த இரண்டு பேரின் கதையை என் மகள் பிற்பாடுதான் படித்துக் காட்டினாள். சவுத்தாம்ப்டன்காரர்கள். 1966இல் ஆஸ்திரேலியாவின் டல்லி என்ற ஊரில் ஒரு நீர்நிலையில் நாணல் வட்டமாகப் படுத்துக்கிடந்ததைப் பறக்கும் தட்டு இறங்கிய இடம் என்று பேசினார்கள். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த போவர் அதை நினைவில் வைத்திருந்தார். 1970களின் பிற்பகுதியில் ஒரு மாலை நண்பர் சோர்லியோடு மது அருந்திவிட்டு வயல் பக்கம் போனபோது தொடங்கியது. பலகை, கயிறு, நேர்கோடு பார்க்கத் தொப்பியில் மாட்டிய ஒரு கம்பி வளையம், இவ்வளவுதான் கருவி. இரவுகளில் போவர் காரில் ஓடிய தூரத்தைப் பார்த்து மனைவிக்கே சந்தேகம் வந்துவிட்டது. 1991 செப்டம்பரில் 'டுடே' என்ற நாளிதழிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் இருநூறுக்கும் மேல் செய்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் ஒன்றைச் செய்து காட்டினார்கள். அது யார் வேலை என்று சொல்லாமல், பயிர் வட்ட ஆய்வாளர் பேட் டெல்காடோவை அழைத்துவந்தார்கள். மனிதர்களால் ஆகாத, உண்மையான வட்டம் என்று அவர் சொன்னார். 1992இல் அந்த இருவருக்கும் கிடைத்தது இக் நோபல், சிரிப்பதற்கென்று கொடுக்கும் பரிசு. சோர்லி 1996இலும் போவர் 2018இலும் காலமானார்கள். கடைசிவரை அவர்களை நம்பாதவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

சில பேர் வேறு வாதங்களோடு வருவார்கள், எனக்குத் தெரியும். காற்றினால் ஆனது என்ற கருத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. டெரன்ஸ் மீடன் என்ற வானிலை அறிஞர் சுழல்காற்றும் மின்னேற்றமும் சேர்ந்து வட்டம் உண்டாகிறது என்று விளக்கினார். வெறும் வட்டமாக இருந்தவரை அதைக் கேட்கலாம். 1990இல் இங்கிலாந்தின் ஆல்டன் பார்ன்ஸ் என்ற ஊரின் வயலில் கட்டங்களும் நேர்கோடுகளும் சாவிப்பல் போன்ற உருவங்களும் வந்த பிறகு எந்தக் காற்று அப்படி அடிக்கும்? அடுத்து, தண்டின் கணுக்கள் வளைந்து வீங்கியிருக்கின்றன, அது கதிர்வீச்சின் அடையாளம் என்பார்கள். நான் சாய்த்த எருமைப்புல்லும் மூன்று நாளில் ஒவ்வொரு கணுவிலும் வளைந்து தலை தூக்கியது. படுத்த செடி மேல்நோக்கி எழும்போது கணுவின் அடிப்பக்கம் கூடுதலாக வளரும், அவ்வளவுதான். 2001இல் வில்ட்ஷயரின் மில்க் ஹில்லில் 409 வட்டங்களால் ஆன ஒரு சுருள் வந்ததே என்பார்கள். போவரும் சோர்லியும் தொடங்கி அதற்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை ஆண்டுகள் செய்திருந்தால் நான் வட்டத்திலிருந்து எதுவரை போயிருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள், அங்கே ஓவியர்கள் குழுக்களாகவே இறங்கியிருந்தார்கள். 2013இல் கலிஃபோர்னியாவில் தோன்றியது என்விடியா நிறுவனம் விளம்பரத்துக்காகச் செய்வித்தது, அவர்களே சொன்னார்கள். உலகத்து வட்டம் எல்லாவற்றையும் நீ பார்த்தாயா என்று கேட்டால், இல்லை. பார்த்த வட்டத்தைப் பற்றியும் செய்த வட்டத்தைப் பற்றியும் மட்டும் பேசுகிறேன்.

இதில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் நடந்ததாக 1678ஆம் ஆண்டு அச்சான ஒரு துண்டு வெளியீடு. பயிர் வட்டத்துக்கு அதுதான் பழைய சான்று என்று பலர் காட்டுகிறார்கள். அதிலுள்ள கதை இது. ஓட்ஸ் பயிரை அறுக்க ஓர் ஏழைத் தொழிலாளி கூலி கேட்கிறான். அந்தக் கூலி அதிகம், உனக்குக் கொடுப்பதைவிடப் பிசாசே அறுக்கட்டும் என்கிறான் நிலத்துக்காரன். அன்று இரவு வயல் தீப்பற்றியதுபோல் ஒளிர்கிறது. காலையில் பயிர் முழுவதும் மனிதக் கைக்கு எட்டாத நேர்த்தியோடு அறுபட்டுக் கிடக்கிறது. அதில் பயிர் அறுக்கப்பட்டதே தவிரச் சாய்க்கப்படவில்லை, அதனால் சான்றாக நிற்காது. ஆனால் அந்தக் கூலிப் பேச்சு இருக்கிறதே, அது நேற்று எங்கள் மைதானத்தில் நடந்ததுபோல் இருக்கிறது.

2011 போட்டிக்கு மூன்று நாட்கள் கோடு போட்டேன், மழை பெய்த அன்று இரண்டு முறை. சுண்ணாம்பு மூட்டை என் காசு. பேசியதில் 1,800 ரூபாய் இன்னும் வரவில்லை. கேட்டபோது, "கோடு போடுவதற்கு இவ்வளவா?" என்றார்கள். நன்றி நவிலலில் மைக் செட்காரர் பெயர் வந்தது, தண்ணீர் கேன் கொடுத்தவர் பெயர் வந்தது. இப்போது பிளாஸ்டிக் புல் விரித்த திடல்கள் வந்துவிட்டன, கோடும் புல்லோடு தைத்தே வருகிறது. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. காசுள்ள பிள்ளை உள்ளே ஆடுகிறான், எங்கள் தெருப் பிள்ளை வலைக்கு வெளியே நின்று பார்க்கிறான். கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்று மகள் சொல்கிறாள். இருக்கட்டும், எழுது என்றேன்.

உங்கள் நண்பர்கள் இன்னும் நம்பாவிட்டால் ஒன்று செய்யுங்கள். மச்சான் மகன் துபாய்க்குப் போய்விட்டான், ஒயரின் மறுமுனையைப் பிடிக்க எனக்கு ஆள் இல்லை. மைதானத்தில் போட்டி என்று தெரிந்தால் அன்று அதிகாலை நான்கரைக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். வெயில் ஏறுவதற்குள் நடுவட்டத்தை முடித்துவிடலாம். ஒயரைத் தளர்த்தாமல் பிடிக்க வேண்டும், கோட்டை மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான்.