மூன்று அணு தடிமனில் ஓர் ஆராய்ச்சி: சேரும் முன் கேட்க வேண்டியவை

இயற்பியலில் முதுகலை முடித்த மகள், ‘இருபரிமாணக் கலவைகளில் திரிபின் விளைவு’ (அதாவது, சில அணு தடிமனே உள்ள கலவைப் படிகங்களை இழுத்தால் என்ன ஆகும்) என்ற தலைப்பில் முனைவர் பட்டம் செய்யப்போவதாகச் சொல்கிறார்; இதற்கு யார் வேலை தருவார்கள் என்று கவலைப்படுகிறீர்கள். கவலை நியாயமானது. இந்தத் தலைப்பைப் போட்டு வரும் வேலை விளம்பரங்கள் அரிது. ஆனால் இதில் கற்கும் அளவீட்டுத் திறனுக்கும் கணினிக் கணிப்புத் திறனுக்கும் மதிப்பு உண்டு. அதைக் கற்றுத்தரும் ஆய்வகமா என்று பாருங்கள்.

கலவை (அலாய்) என்றதும் பித்தளையும் எஃகும் நினைவுக்கு வரும். இந்த ஆய்வின் கலவைகளோ, சிலிக்கானைப் போன்ற குறைகடத்திகள். மாலிப்டினம் டைசல்பைடின் ஓரடுக்கு சுமார் 0.65 நானோமீட்டர் தடிமன். கந்தகம், மாலிப்டினம், கந்தகம் என மூன்று அணு உயரம். கந்தகத்தின் இடத்தில் ஆங்காங்கே செலினியம் அமர்ந்தால் அது கலவை. செலினியம் கூடக்கூட, அது உமிழும் ஒளியின் ஆற்றல் சுமார் 1.85 எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 1.55 வரை இறங்கும்.

படிகத்தை இழுத்தாலும் (அந்த நீட்சிதான் திரிபு) அதே ஒளியின் ஆற்றல் இறங்கும். சிக்கல் இங்கேதான். ஒரு திசையில் 1 சதவீதம் இழுத்தால் ஏறக்குறைய 45 மில்லி எலக்ட்ரான் வோல்ட் குறையும். செலினியம் 10 சதவீதம் கூடினால் ஏறக்குறைய 30 குறையும். ஒரே படிகத்தின் நடுவிலும் ஓரத்திலும் செலினியம் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆகவே அளக்கும் புள்ளி சற்று நகர்ந்தாலே, கலவை மாற்றத்தைத் திரிபு என்று எழுதிவிடுவார்கள். இழுக்கும் முன்பே படிகம் முழுவதையும் வரைபடமாக அளந்து, பிறகு ஒவ்வொரு நிலையிலும் அதே புள்ளிக்குத் திரும்ப வேண்டும். லேசர் சூடும் இதே பக்கம்தான் தள்ளும். லேசரின் திறனைக் குறைத்து அளந்தும் ஒளியின் உச்சி அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இழுக்கும் முறை எளிது: பாலிமர் தகட்டின் மேல் படிகத்தை ஒட்டி, தகட்டை வளைப்பார்கள். தகட்டின் தடிமனை வளைவு ஆரத்தின் இரு மடங்கால் வகுத்தால் திரிபு. 1 மில்லிமீட்டர் தகடு, 50 மில்லிமீட்டர் ஆரம் என்றால் 1 சதவீதம். ஆனால் அது தகட்டின் திரிபு. படிகம் வழுக்கினால் அதற்கு அவ்வளவும் போய்ச் சேராது. வளைவு கூடியும் ராமன் உச்சி (படிகத்தின் அதிர்வை லேசர் ஒளிச் சிதறலில் காட்டும் கோடு) நகராமல் நின்றால், அல்லது தகட்டை நேராக்கியும் பழைய இடத்துக்கு வராவிட்டால், வழுக்கியிருக்கிறது. அதனால்தான் ஓரங்களை உலோகப் பட்டையால் பிடிக்கிறார்கள்.

கணிப்பில் விருப்பம் என்றால் மகள் இப்போதே தொடங்கலாம். குவாண்டம் எஸ்ப்ரெஸோ, அணுக்களின் அமைப்பிலிருந்து பொருளின் பண்புகளைக் கணிக்கும் இலவச மென்பொருள். படிகத்தின் மிகச்சிறு அலகை இரு திசையிலும் நான்கு முறை அடுக்கிய 4×4 அலகில் 48 அணுக்கள். அவற்றில் 32 கந்தகம். பாதியை செலினியமாக மாற்றி, ஒரே அமைப்போடு நிற்காமல், பல சிதறிய அமைப்புகளைக் கணிக்கட்டும். மென்பொருள் அடுக்கை மேலும் கீழும் திரும்பத் திரும்ப வைத்துக் கணிப்பதால், அடுக்குகளுக்கிடையே 15 முதல் 20 ஆங்ஸ்ட்ராம் (1.5 முதல் 2 நானோமீட்டர்) வெற்றிடம் வேண்டும். புதியவர்கள் தவறுவது இதில்: ஒரு திசையில் இழுத்துவிட்டு, குறுக்குத் திசையைச் சுருங்க விடாமல் பூட்டிவைப்பார்கள். அது ஒற்றைத்திசை இழுப்பே அல்ல. ஆய்வக அளவீட்டோடு ஒத்துப்போகாது.

வேலைக்கு வருவோம். திரிபும் கலவையும் சேர்ந்த உத்தி சில்லுத் தொழிலுக்குப் புதிதல்ல. 2003-இல் இன்டெல் தன் 90 நானோமீட்டர் சில்லுகளில் சிலிக்கான்-ஜெர்மேனியம் கலவையைப் பதித்து, பக்கத்து சிலிக்கானை அமுக்கி, மின்னோட்டத்தைக் கூட்டியது. அந்தத் துறையின் செயல்முறை, அளவீடு, உருவகப்படுத்தல் பிரிவுகளில் இப்படிப் பயின்றவர்கள் பொருந்துவார்கள். படிகம் வளர்க்க மட்டும் கற்று, அளவீட்டை வேறொருவரிடம் விட்டுவிட்டால் அந்த வாசல் குறுகும்.

ஆகவே சேரும் முன் மகள் ஆய்வகத்தில் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: ராமன் கருவியில் மாணவரே அமர்ந்து அளப்பாரா? திரிபில்லாத நிலையின் வரைபடம் ஒன்றைக் காட்ட முடியுமா? வழுக்கலை எப்படிச் சோதிக்கிறீர்கள்? மூன்றாவதற்குத் தெளிவான பதில் வராவிட்டால், வேறு ஆய்வகம் தேடுங்கள்.