கேள்வி-பதில்: 552 தடவை அழுத்தினால் என் பிறந்தநாள்

கேள்வி: பொதுமக்கள் விண்ணப்பம் போடும் இணையதளம் ஒன்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை சார். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிகிறதா என்று தானியங்கிக் கருவியில் சோதித்தேன், நூற்றுக்கு நூறு வந்தது. ஆனாலும் பார்வையற்ற ஒருவர், 'படிவத்தை நிரப்பவே முடியவில்லை' என்று புகார் எழுதியிருக்கிறார். யாரை நம்புவது?

பதில்: புகார் எழுதியவரை. நானும் அவர் கட்சிதான். எனக்கும் கண் தெரியாது. இந்தப் பதிலையே, திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள் வாசிக்கக் கேட்டுக் கேட்டுத்தான் டைப் செய்கிறேன்.

கருவி பொய் சொல்லவில்லை. படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று அது பார்க்கும். இருக்கிறது, 'படம்' என்று ஒரே சொல்லில்! அதனால் எனக்கு என்ன பிரயோசனம் என்பது அதற்குத் தெரியாது.

சென்ற மாதம் ஒரு தளத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிறந்த தேதி கேட்டார்கள். டைப் செய்ய விடாமல் நாட்காட்டி ஒன்று திறந்தது, நடப்பு மாதத்தில். பின்னால் போக ஓர் அம்புக்குறி. ஒரு தடவை அழுத்தினால் ஒரு மாதம். எனக்கு வயது 46. கணக்குப் போட்டேன், 552 தடவை. மேலே இருக்கும் வருஷத்தின் மேல் மவுஸை வைத்து அழுத்தினால் பட்டியல் விரியுமாம். கீபோர்டில் அந்த இடத்துக்குப் போகவே வழியில்லை. அழுத்தினேன், அழுத்தினேன். ஒருவழியாகப் பிறந்து முடித்து 'சமர்ப்பி' பட்டனுக்கு வந்தால், சத்தமே இல்லை. நான்கு தடவை அழுத்தியும் அதே மௌனம். அப்புறம் நண்பனுக்கு வீடியோ காலில் திரையைக் காட்டினேன். "டேய், போன் நம்பர் பெட்டியைச் சுத்தி சிவப்பா ஒரு கோடு இருக்கு" என்றான். நம்பருக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தேனாம். சிவப்புக் கோடு என் காதில் எப்படி விழும்?

தேதிக்கு நாள், மாதம், வருஷம் என்று மூன்று சாதாரணப் பெட்டிகள் போதும். பிழையை எழுத்தில் சொல்லுங்கள்: 'தொலைபேசி எண்ணில் இடைவெளி வேண்டாம்.' (அந்த இடைவெளியை உங்கள் நிரலே நீக்கிக்கொள்ளலாமே, அது வேறு கதை.) அந்த வரியை நிரலில் அந்தப் பெட்டியோடு இணையுங்கள், பிழை வந்ததும் கர்சர் அங்கே போய் நிற்கட்டும். பெட்டியின் பெயரும் அப்படித்தான். பக்கத்தில் எழுதிவைத்தால் மட்டும் போதாது, லேபிளாக இணைத்தால்தான் எனக்கு 'பெயர்', 'முகவரி' என்று கேட்கும். இல்லாவிட்டால் 'எடிட், எடிட், எடிட்'தான்.

நாளைக்கு மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப், என்டர், ஸ்பேஸ், அம்புக்குறிகள் மட்டும் வைத்து உங்கள் படிவத்தை ஒரு முறை முடித்துப் பாருங்கள். எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று காட்டும் கட்டம் திரையில் தெரிகிறதா? அழகைக் கெடுக்கிறது என்று அதை ஒரே வரியில் அழித்துவிடும் டிசைனர்கள் இருக்கிறார்கள். கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தாலும், அந்தக் கட்டம் இல்லாமல் தான் இருக்கும் இடம் தெரியாது. அடுத்ததாக, என்விடிஏ ஸ்கிரீன் ரீடரை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம்தான். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கியது. பின்பு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். திரையை அணைத்துவிட்டு எச் விசையைத் தட்டுங்கள், தலைப்பு தலைப்பாகத் தாவும். நாங்கள் பக்கத்தை முதலிலிருந்து கேட்பதில்லை, இப்படித் தாவித் தாவித்தான் மேய்கிறோம். வெறுமனே எழுத்தைத் தடித்துப் பெரிதாக்கி வைத்த 'தலைப்பு' இந்தத் தாவலில் அகப்படாது.

கேள்வி: ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுக்க எல்லோருக்கும் ஏற்றதாகிவிடும் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்க, வாசிக்க, நிறம் மாற்ற எங்களிடமே கருவிகள் உண்டு. உங்கள் தளத்தில் இன்னொன்று வந்து சேர்ந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பேசி மண்டை காய்கிறது. லேபிள் இல்லாத பெட்டிக்கு அதுவும் ஊகித்துத்தான் பெயர் வைக்கும். இப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை 2025-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 10 லட்சம் டாலர் கட்ட வைத்தது. நீங்கள் அதற்குக் கொடுக்கவிருந்த பணத்தில் நல்ல நிரலர் ஒருவரைக் கொஞ்ச நாள் உட்கார வையுங்கள்.

கேள்வி: எங்கள் பழைய தமிழ்ப் பக்கங்களை ஸ்கிரீன் ரீடர் ஏதேதோ உளறுகிறது. தமிழ்க் குரல் சரியில்லையா?

பதில்: குரல் மேல் பழி போடாதீர்கள். அந்தப் பக்கங்கள் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் இருக்கும். அங்கே 'அம்மா' என்பது திரையில் மட்டும்தான் அம்மா. உள்ளே இருப்பது எம், கே, செமிகோலன், கே, எச். ஸ்கிரீன் ரீடர் பார்ப்பது உள்ளே இருப்பதை. யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, மாற்றியபின் ஒருவர் மெய்ப்புப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கூடவே பக்கத்தின் மொழிக்குறியைத் தமிழ் என்று வையுங்கள். ஆங்கிலம் என்று விட்டுவைத்தால் ஆங்கிலக் குரல் வந்து தமிழோடு மல்லுக்கட்டும். ஸ்கேன் செய்து ஏற்றிய பிடிஎஃப் இதைவிட மோசம். அது வெறும் புகைப்படம். எழுத்துணரி கொண்டு எழுத்தாக்கினால் ஒழிய எனக்கு அது காலித் தாள்.

கேள்வி: வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்துதான் நவீனமாக இருக்கிறது என்கிறார் எங்கள் டிசைனர். என்ன சொல்லி மறுப்பது?

பதில்: எண்ணைச் சொல்லுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3 போதும். இணையதளங்கள் எல்லோருக்கும் ஏற்றதாக இருப்பதற்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யூசிஏஜி-யின், 2008-இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து இந்த விதி இருக்கிறது. வெள்ளையில் கறுப்பு என்றால் 21. டிசைனர்களுக்குப் பிரியமான 777777 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல் 4.48-இல் நின்று, மயிரிழையில் தோற்கிறது. 767676 என்று போட்டால் 4.54, பாஸ். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று அவரையே கேளுங்கள். என்னைக் கேட்டுப் பயனில்லை.