இடம் காலியாகத்தான் இருக்கிறது, அப்புறம் ஏன் ஹேங் ஆகிறது?

கணினி கேள்வி - பதில்

கேள்வி: சார், என் லேப்டாப்பில் 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். ஹேங் ஆகிறதே என்று பழைய படம், வீடியோ எல்லாவற்றையும் அழித்து 300 ஜிபி காலி செய்தேன். அப்படியும் ஆமை வேகம்தான். ஏன்? (வாசகர், திருச்சி)

பதில்: நீங்கள் காலி செய்தது ஓரிடம், நெரிசல் வேறிடத்தில். படம், பாட்டு, விண்டோஸ் எல்லாம் நிரந்தரமாக இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். இந்த நிமிடம் திறந்து வைத்திருக்கும் புரோகிராம்கள் ஓடுவது ரேமில். டிஸ்க்கில் எத்தனை நூறு ஜிபி சும்மா கிடந்தாலும் ரேம் அதே 4 ஜிபிதான். சி டிரைவ் கழுத்து வரை நிரம்பியிருந்தால் மட்டும்தான் அழிப்பதில் பலன் தெரியும்.

4 ஜிபியில் விண்டோஸே பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும், மேலே குரோமில் பத்து டேப் திறந்தால் ரேம் தீர்ந்தது. தீர்ந்ததும் கணினி நின்றுவிடாது. உடனே தேவைப்படாததையெல்லாம் டிஸ்க்கில் பேஜ் ஃபைல் என்ற கோப்பில் எழுதி வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்து வரும். வினையே இங்கேதான். ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் கோடியில் ஒரு பங்கு நொடி ஆகும்; தட்டு சுழன்று முனை நகர்ந்து தேட வேண்டிய ஹார்ட் டிஸ்க்குக்கு நூறில் ஒரு பங்கு நொடி. லட்சம் மடங்கு வித்தியாசம்! ரேமுக்கு ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால் ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு நாளுக்கும் மேல். சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் எஸ்எஸ்டி என்றால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஹேங் ஆகும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும், அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியைப் பாருங்கள். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் ரேம் போதவில்லை. மெமரி சும்மா இருக்கிறது, டிஸ்க் மட்டும் 100-ல் நிற்கிறது என்றால் ஹார்ட் டிஸ்க்தான் இழுக்கிறது. உங்களுடையதில் இரண்டுமே இருக்கும் என்பது என் ஊகம். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ரேமை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ரேம் வாங்கும் முன் உங்களுடையது எந்த ரேம் வகை, டிடிஆர்3-யா டிடிஆர்4-ஆ என்று பாருங்கள், ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. சில மாடல்களில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், அங்கே ஒன்றும் செய்ய முடியாது.

கேள்வி: 1 டிபி என்று வாங்கிய டிஸ்க் 931 ஜிபிதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (வாசகி, ஈரோடு)

பதில்: இல்லை, பாவம் அவரை விடுங்கள். கம்பெனிக்காரர்கள் 1 டிபி என்பதை ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸோ 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது, அதாவது 1024-ஐ மூன்று முறை பெருக்கி வருவது. வகுத்துப் பாருங்கள், 931 வரும். அதே டிஸ்க்கை மேக்கில் செருகினால் 1 டிபி என்றே காட்டும், ஆப்பிள் 2009-லேயே ஆயிரம் கணக்குக்கு மாறிவிட்டது. நிஜமாக ஏமாற்றுகிறவர்கள் 500 ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் விற்பவர்கள். உள்ளே இருப்பது சின்னச் சிப், வெளியே காட்டும் எண் மட்டும் பெரியது.

கேள்வி: போன் விளம்பரத்தில் "8+8 ஜிபி ரேம்" என்கிறார்களே, 16 ஜிபியா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: 8 ஜிபிதான். மற்ற 8 போனின் ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது, மேலே சொன்ன பேஜ் ஃபைல் கதையின் தம்பி. அதற்காக ஒரு ரூபாய் கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: டைப் செய்துகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. கடைசி அரை மணி நேர வேலை போச்சு, முன்பு சேமித்தது மட்டும் இருக்கிறது. எப்படி? (வாசகி, மதுரை)

பதில்: சேமிக்காத எழுத்து ரேமில் இருந்தது. இன்றைய ரேமின் அடிப்படையை ஐபிஎம் பொறியாளர் ராபர்ட் டென்னார்ட் 1966-ல் யோசித்தார்: ஒரு பிட்டுக்கு (அதாவது ஒரு 0 அல்லது 1-க்கு) ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மிகச் சின்ன மின்தேக்கி. மலிவு, நிறைய அடக்கலாம். ஆனால் அந்த மின்தேக்கி ஒழுகிக்கொண்டே இருக்கும், அதனால் ஒவ்வொரு பிட்டையும் பொதுவாக 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை மறுபடி நிரப்பியாக வேண்டும். கரண்ட் இல்லையென்றால் நிரப்ப ஆளில்லை. ஹார்ட் டிஸ்க் காந்தத்தில் பதிவதால் அதற்கு இந்தக் கவலை கிடையாது. வேர்டை ஒருமுறை திறந்து பாருங்கள், தானாக மீட்டு வைத்திருக்க வாய்ப்புண்டு. வீட்டில் டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

கேள்வி: 32 ஜிபி பென்டிரைவ் முழுக்கக் காலி. 5 ஜிபி கல்யாண வீடியோ ஏற மறுக்கிறது! (வாசகர், காரைக்குடி)

பதில்: அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தொடக்கூடாது, எவ்வளவு இடம் இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் ஏறிவிடும், உள்ளே ஏதாவது இருந்தால் முதலில் வேறிடத்தில் எடுத்து வையுங்கள், ஃபார்மட்டில் அழிந்துவிடும். பழைய டிவிகள் சில எக்ஸ்ஃபேட்டைப் படிக்காது. டிவியில் போட்டுக்காட்டத்தான் என்றால் வீடியோவை இரண்டாக வெட்டி ஏற்றுவது நல்லது.